நிழலில் உட்கார்ந்திருந்தவர்

அத்தியாயம் 9

கதவு சாத்திய சத்தம் பாகீரதியைப் பயமுறுத்தவில்லை. கனமான கதவு, தானாகக்கூடச் சாத்திக்கொண்டிருக்கலாம். அடுத்து வந்த சத்தம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு விளக்கு அணைந்தது. கூரையோரம் உறுமிக்கொண்டிருந்த காற்றாடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

"கரண்ட் போயிருச்சுங்களா மாமி?" என்றான் அருள்குமார் இருட்டுக்குள்ளிருந்து.

"கரண்ட் போனா விளக்கு அணையும். தாழ்ப்பாள் விழாது."

"அப்ப சுதீப் சாருங்களா?"

"சுதீப்தான்."

அருள்குமார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். கொல்லங்கோட்டில் பன்னிரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவன். மணப்பெண்ணையும் மாமனாரையும் ஒரே வரியில் சிரிக்கவைக்கிற வாய். பாகீரதியிடம் உதவியாளனாகச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் அந்த வாய் மூடி அவள் பார்த்ததில்லை.

பாகீரதிக்கு ஐம்பத்துநான்கு வயது. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, முங்கிய வயல் என்று இருபத்தாறு வருஷம் பார்த்து, எது விபத்து எது நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அதே வேலையைத் தன் பெயரில், ஒரு சின்ன அறை வைத்துச் செய்கிறாள்.

இருவரும் நின்றிருந்தது எல்லையோரக் கோவிந்தாபுரத்தில், அப்புசாமியின் மாங்காய் குடோனுக்குள் இருக்கும் சேம்பரில். மாங்காய் பழுக்கவைக்கிற அறை. பத்தடிக்குப் பன்னிரண்டு. நாலு அங்குலத் தகட்டுச் சுவர். மூன்று பக்கமும் கூரை வரை பங்கனப்பள்ளிப் பெட்டிகள். 'வாயு அறை, செல்போன் கூடாது' என்ற பலகையைக் காட்டி, இருவர் போனையும் வெளியே மேஜையில் வைக்கச் சொல்லியிருந்தான் மேனேஜர் சுதீப். மரியாதையாகத்தான் சொன்னான். இங்கேதான் மூன்று வாரத்துக்கு முன் அப்புசாமி மூச்சடைத்துச் செத்துக் கிடந்தார்.

அருள்குமார் கதவைக் குத்தினான். உதைத்தான். கூப்பிட்டான். சத்தம் மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்தது.

"கையை உடைச்சுக்காதே. பன்னண்டே முக்கால். எல்லாரும் சாப்பிடப் போயிருப்பா. ஒண்ணரைக்கு முன்னாடி ஒருத்தரும் வரமாட்டா."

"ஒண்ணரைக்கு வந்தாலும் இந்தக் கதவை எதுக்குங்க தொறக்கப் போறாங்க? மாம்பழம் என்ன, தொறந்து விடுங்கன்னா கேக்குது?"

பாகீரதி கதவின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரத்தில் நாலு ஓட்டைகள் தட்டுப்பட்டன. திருகாணி ஓட்டைகள். விளிம்பு இன்னும் கூராக இருந்தது.

"இங்கே ஒரு குமிழ் இருந்திருக்கு. உள்ளே மாட்டிண்டவா தள்ளித் திறக்கறதுக்கு. கழட்டி ரொம்ப நாள் ஆகலை. போலீஸ்கிட்ட சுதீப் சொன்னது என்ன? முதல்லேருந்தே குமிழ் கிடையாதுன்னு."

"நானுங்க மாமி," என்றான் அருள்குமார். குரல் மாறியிருந்தது. "நாந்தானுங்க வாயைக் குடுத்துட்டேன்."

அவன் சொன்னது உண்மைதான்.

அப்புசாமி கொலையில் கைதானவர் அவருடைய டிரைவர் சென்னியப்பன். சென்னியப்பனின் மகள் தமிழ்ப்ரியா, கொல்லங்கோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பாகீரதியைத் தேடி வந்து சொன்னது ஒரே வாக்கியம். "எங்கப்பா சொல்றதை யாருமே நம்பலீங்க, நீங்களாச்சும் பொய்யா நிஜமான்னு பார்த்துச் சொல்லுங்க."

நம்புவது கஷ்டம்தான். சென்னியப்பன் சொன்ன கதை இது. சீக்கிரம் பழுக்கட்டும்னு யாரோ நம்ம பழத்துல கார்பைட் கல்லு வைக்கிறாங்க, வெளிநாட்டுக்குப் போன சரக்கு திரும்பி வந்துடுச்சு, என் பேரு கெடுது என்று அப்புசாமி ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆட்களுக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில், நான் உள்ளேயே உக்காந்துக்கறேன், நீ முன்கதவைப் பூட்டிக்கிட்டு வண்டியையும் எடுத்துட்டுப் போயிரு, நான் இல்லைன்னு நினைச்சு வர்றவன் பின்கதவு வழியா வருவான், பிடிச்சுப்போடறேன், நாலு மணிக்கு வந்து தொற என்றாராம். பூட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார் சென்னியப்பன். நாலு மணிக்கு வந்து திறந்து, சேம்பரில் ஐயாவைப் பார்த்து, தானே போலீஸுக்கும் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். தன்னைப் பூட்டச் சொல்லி எந்த முதலாளியாவது சொல்வானா என்று கேட்டார். அதோடு அவர் கையில் ஒரு படமும் இருந்தது.

அந்தப் படம் தற்செயலாகக் கிடைத்தது. டின்சி என்று ஒரு பெண். விலை கூடின, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன கேமராக்களை ஒப்பிட்டு யூடியூபில் போடுகிறவள். உச்சி வெயிலும் கும்மிருட்டும் ஒரே இடத்தில் வேண்டுமென்று, சம்பவத்தன்று குடோனுக்கு எதிரே சாலையோரம் பலகை போட்டு, கேமரா வைத்துப் படமெடுத்தாள். அதில் சென்னியப்பன் வசமாக மாட்டினார். இரட்டைக் கதவில் ஒன்று மூடியிருக்கிறது. இன்னொன்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். பெரிதாக்கினால் பூட்டின் மேல் இருக்கிற எழுத்து தெரிகிறது, நெற்றி வியர்வை தெரிகிறது, வாட்சில் மணி பன்னிரண்டு பதினேழு தெரிகிறது. அவருக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. கரி பூசின மாதிரிக் கறுப்பு.

பன்னிரண்டே முக்காலிலிருந்து மூன்றரை மணி வரை சென்னியப்பன் கொல்லங்கோடு வில்லேஜ் ஆபீஸில் இருபது பேரோடு வரிசையில் நின்றார். அது உறுதி. ஆகவே கொலை பன்னிரண்டு பதினேழுக்கு முன்பே முடிந்துவிட்டது, முதலாளியைச் சேம்பரில் அடைத்துவிட்டு, குடோனையும் பூட்டிக்கொண்டு கொலைகாரன் கிளம்புகிற காட்சி இது என்று போலீஸ் எழுதிவிட்டது.

இந்தப் பதினைந்து நாளில் பாகீரதி கண்டுபிடித்த ஒரே புது விஷயம், டின்சி அன்று ஒரு கேமரா வைத்திருக்கவில்லை, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நொடியில் அழுத்தினாள் என்பது. நேற்று காந்தலூருக்குப் போய், ஆப்பிள் தோட்டம் ஒன்றில் தங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்த அவளைப் பிடித்தார்கள். இரண்டாவது கேமராவைக் கார்டோடு வாங்கிக்கொண்டு, இன்று காலை உடுமலை, பொள்ளாச்சி வழியாக இறங்கி வந்தார்கள். போகிற வழியில் குடோனையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று வண்டியை நிறுத்தியது பாகீரதிதான். வாயைத் திறந்தது அருள்குமார்.

ஆபீஸ் அறையில் இளநீர் கொடுத்து உபசரித்த சுதீப்பிடம் அவன் சொன்னான். "போலீஸ்கிட்ட இருக்கறது பாதிப் படந்தானுங்க சார். இன்னொரு கேமராவும் எடுத்துச்சு. அது இப்ப நம்மகிட்ட இருக்குது."

"அப்படியா? எங்கே?"

"வண்டியிலதானுங்க."

சுதீப் உடனே எழுந்து, சேம்பர் பார்க்கணும்னு சொன்னேளே மாமி, வாங்கோ, காட்டறேன் என்று முன்னால் நடந்தான். அவனும் கல்பாத்திப் பையன். அவன் அம்மா மாதுரி பாகீரதியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். சம்பவத்தன்று மதியம் மகன் வீட்டில் சாப்பிட்டான் என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

"இப்ப அவன் நம்ம வண்டியை உடைச்சுண்டிருப்பான்," என்றாள் பாகீரதி.

"கேமரா போச்சுங்களா?"

"கேமரா என் பையில இருக்கு. பொள்ளாச்சியில நீ டீ குடிக்கப் போனப்போ எடுத்து வெச்சுண்டேன். சாட்சியை வண்டியில விட்டுட்டு இறங்கற வழக்கம் நேக்கு இல்லை."

"என்கிட்டச் சொல்லலியேங்க."

"சொல்லியிருந்தா அதையும் சுதீப்கிட்டச் சொல்லியிருப்பே."

அருள்குமார் மூக்கால் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது. அறையில் பழ வாசம் முன்பு இனிப்பாக இருந்தது. காற்றாடி நின்ற பிறகு அதுவே தொண்டையை அடைத்தது. நாலு நாளாகப் பழுத்துக்கொண்டிருக்கிற பழம் மூச்சு விட்ட காற்று. பதினெட்டு டிகிரிக் குளிரிலும் பாகீரதியின் பின்கழுத்தில் வியர்வை ஊறியது.

"உக்காந்துக்கோ. நிறையப் பேசாதே."

"அதுக்குக் கதவைப் பூட்டுனதே பரவால்லீங்க."

இருவரும் கதவோரம் தரையில் உட்கார்ந்தார்கள். பாகீரதி பையிலிருந்து கேமராவை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அழுத்தினான். சின்னத் திரை வெளிச்சத்தில் அவனுடைய முகவாயும் இரண்டு மாம்பழப் பெட்டியும் தெரிந்தன. மூலையில் பேட்டரி சிவப்பு.

"பத்து நிமிஷம் தாங்குமுங்க. அதுக்கு மேல இல்லை."

அவன் தேடி, அந்தப் படத்தைக் கொண்டுவந்தான். அதே குடோன், அதே சென்னியப்பன். ஆனால் இதில் பூட்டின் எழுத்து தெரியவில்லை. வாட்சில் மணி தெரியவில்லை. பின்னால் இருந்த கறுப்பும் அப்படியே கறுப்பு.

"நேத்து பார்த்தது மாதிரியேதான் இருக்கு," என்றாள் பாகீரதி. "அந்தப் பொண்ணு என்னமோ சொன்னாளே. சித்தே திருப்பிச் சொல்லு, நேக்கு நேத்து சரியா மண்டையில ஏறலை."

"ரெண்டு கேமராவும் ஒரே விலை, உள்ள வெளிச்சத்தை வாங்கற சில்லும் ஒரே அளவுங்க. பெரியம்மா ஊட்டுக் காட்டை நாலாப் பிரிச்சாங்கன்னா ஆளுக்கு நிறைய. பன்னண்டாப் பிரிச்சாங்கன்னா ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும். போலீஸ் படம் எடுத்த கேமரா அறுபது மில்லியன் புள்ளிங்க. புள்ளி நெறைய, அதனால நுணுக்கம் அள்ளுது, மாவிலை நரம்புகூடத் தெரியும். ஆனா ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கற வெளிச்சம் கம்மி. வெயில்ல கவலை இல்லீங்க. நிழல்ல அதுக்குக் கஞ்சிக்கே வழியில்லை. டின்சி அந்தப் படத்தோட கறுப்பை வெளிச்சமாக்கிப் பார்த்துச்சாம். மணலை அள்ளிக் கொட்டுன மாதிரி இருந்துச்சாம்."

"இது?"

"இது இருபது மில்லியன்தானுங்க. நுணுக்கம் இல்லை. ஆனா வெயிலையும் நிழலையும் ஒண்ணா வாங்கி வெச்சுக்கும். நம்ம கண்ணுக்குக் காட்டறது கறுப்பு, உள்ள பதுக்கி வெச்சிருக்கறது வேற. அதை வெளிய எடுக்கத்தான் இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர்ல..."

நிறுத்திவிட்டான்.

"என்ன?"

"மாமி. இதெல்லாம் விலை ஒசந்த சாமானுங்க. கேமராவுக்குள்ளயே அந்த வசதி இருக்கும். கல்யாண ஊட்டுல யாரு இதுல பண்ணப்போறாங்க, மறந்தே போச்சு."

"பண்ணு."

"வழக்கமா வர்ற படம் வடிச்ச சோறுங்க. கொழைஞ்சா கொழைஞ்சதுதான். டின்சி இதை அரிசியாவும் சேத்து வெச்சிருக்குது. இன்னொருக்கா உலை வெக்கலாம்."

அவன் விரல்கள் தட்டுத்தடுமாறி மெனுவுக்குள் இறங்கின. மூச்சு வேகமாக வந்தது, அவனுக்கும் அவளுக்கும். பாகீரதிக்கு நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்திருந்தது. வெளிச்ச அளவை ஒரு படி ஏற்றினான். கறுப்பு பழுப்பானது. இரண்டாவது படி. சில சதுரங்கள் தெரிந்தன. பெட்டி அடுக்கு. மூன்றாவது படி ஏற்றி, நிழலைத் தனியாக மேலே தள்ளி, அழுத்தினான். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. பேட்டரி சிவப்பு மின்னியது.

படம் வந்தது.

சென்னியப்பன் வெளிறிப் போயிருந்தார், ஆனாலும் அடையாளம் தெரிந்தது. அவருக்குப் பின்னால், குடோனின் நடுவில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. தோளில் துண்டு. மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா. முகம் கலங்கலாகத்தான் இருந்தது. இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் கிடந்தது. வலது கை உயர்ந்து, உள்ளங்கை வெளியே பார்த்தபடி, போ போ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பு அப்புசாமி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கைக்குக் கட்டுப் போட்டிருந்தார்.

"ஐயாங்க," என்றான் அருள்குமார் மெதுவாக.

"மணி பன்னண்டு பதினேழு. உயிரோட இருக்கார். சேம்பருக்கு வெளியில இருக்கார். டிரைவர் கதவைப் பூட்டறதைப் பார்த்துண்டு சாவகாசமா சாப்பிட உக்காந்திருக்கார்." பாகீரதி ஒவ்வொன்றாகச் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "சென்னியப்பன் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம். அப்புறம் பின்கதவு வழியா வந்தவன் ஒருத்தன். பின்கதவுச் சாவி ரெண்டே பேர்கிட்ட. ஒண்ணு அப்புசாமி."

"இன்னொண்ணு இப்ப நம்ம வண்டியில இருக்குதுங்க. இந்தப் படத்தை யாருகிட்டக் காட்டறதுங்க மாமி? பங்கனப்பள்ளிகிட்டயா?"

சொல்லிவிட்டு அவன் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். பேச்சு முன்னைவிடக் குழறியது. பாகீரதி அதைக் கவனித்தாள். தன் கையும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதையும் கவனித்தாள். ஒருவர் இங்கே செத்திருக்கிறார். அவர் ஆஸ்துமாக்காரர், வயது எழுபது. இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட நேரம் கிடைக்கலாம், அவ்வளவுதான். வெளியே சுதீப் கேமராவைத் தேடிக் காணாமல் திரும்பி வந்தால் என்ன செய்வான் என்று யோசித்தாள். கதவைத் திறப்பான் என்று தோன்றவில்லை.

கதவுக்கு மேலே கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"எல்லாத்தையும் அணைச்சான். அதை ஏன் அணைக்கலை?"

"எதைங்க?"

"அந்தப் பச்சை. சேம்பரைக் காட்டறப்போ சுதீப் பெருமையடிச்சுண்டானே. பழத்துக்குப் பதினெட்டு டிகிரி இருக்கணும், நாலு டிகிரி ஏறினாப் போறும், மேஸ்திரி ஜோஸ் போனுக்கு மெசேஜ் போகும், சோத்துல கை வெச்சிருந்தாலும் அவன் ஓடி வந்துடுவான்னு. அதுக்கு வேற கரண்ட் லைன் இருக்கணும். அணைச்சா அதுக்கும் மெசேஜ் போகும்னு அவனுக்குத் தெரியும்."

"ஏறணுமேங்க. இங்க குளிரு நடுக்குது."

"ரூம் ஏற வேண்டாம். அளக்கற கம்பி ஏறினாப் போறும். கேமராவைத் தூக்கிப் பிடி."

திரை வெளிச்சத்தில் தேடினார்கள். நடு அடுக்குக்குப் பக்கத்தில், தலை உயரத்தில், கறுப்பு ஒயரில் பேனா அளவு எவர்சில்வர் கம்பி ஒன்று தொங்கியது. பாகீரதி அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. கேமரா ஒருதரம் மின்னி, அணைந்துபோனது.

இருட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்தார்கள். உள்ளங்கையைவிடக் கக்கம் சூடு என்று அருள்குமார் சட்டைப் பொத்தானைக் கழற்றி அங்கே இடுக்கிக்கொண்டான். ஒயர் குட்டை, உட்கார முடியாது. நின்றுகொண்டேதான் பிடிக்க வேண்டும்.

"மாம்பழத்துக்குக் காய்ச்சல் வந்திருக்குதுன்னு ஜோஸண்ணன் நினைக்கோணும்," என்றான். "நமக்கு வந்தா யாரும் வரமாட்டாங்க."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பச்சை சிவப்பானது. எப்போது என்று பாகீரதிக்குத் தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்தபோது சிவப்பாக இருந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். அறுநூறு வரை எண்ணி, விட்டுப்போய், திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினாள். அவன் முழங்கால் மடங்கியபோது கம்பியைத் தான் வாங்கிக்கொண்டாள். தூக்கம் வந்தது. அந்தத் தூக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. நாலு ஓட்டையை நினைத்துக்கொண்டாள். திருப்புளியோடு ஒரு கை அதைக் கழற்றுவதை நினைத்துக்கொண்டாள். கோபம் வந்தது. கோபம் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தது.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

வெயில் உள்ளே கொட்டியது. வாசலில் மேஸ்திரி ஜோஸ், வேட்டியை மடித்துக் கட்டி, கையில் காய்ந்த சோற்றுப் பருக்கையோடு நின்றிருந்தான். பெட்டிகளைத்தான் முதலில் பார்த்தான். பிறகுதான் மனிதர்களைப் பார்த்தான்.

"எந்தா மாமி இது? இதினுள்ள நீங்க எப்படி வந்நு?"

பாகீரதி அருள்குமாரை இழுத்து வெளியே போடச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள்.

குடோன் தரையில் கிடந்து இருவரும் காற்றைக் குடித்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் ஜோஸ் சொன்னான். போனில் மெசேஜ் வந்ததாம். முப்பத்துநாலு டிகிரி. சுதீப் சாரைக் கூப்பிட்டானாம், எடுக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து டெம்போவை எடுத்துக்கொண்டு வந்தானாம். வழியை அடைத்து கேட்டிலேயே வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தானாம்.

"உன் டெம்போ அங்கேயே நிக்கட்டும்," என்றாள் பாகீரதி. "சாவியை என்கிட்டத் தா. முதல்ல ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு."

முற்றத்தில் அவர்களுடைய காரின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அருள்குமாரின் துணிகள் ஜல்லி மேல் சிதறியிருந்தன. சுதீப் தன் காரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் டெம்போ, இரண்டு பக்கமும் மதில். சாலைக்கு அப்பால் நூறு கஜத்தில் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் தமிழ்நாடு.

அவளைப் பார்த்ததும் இறங்கினான். முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மாமி, கதவு தானா சாத்திண்டுடுத்து போலிருக்கு. நான் ஆளைத் தேடிண்டு..."

"தாழ்ப்பாளும் தானா?"

அவன் ஜோஸைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த சின்ன கேமராவைப் பார்த்தான்.

"சுதீப், இதுல அப்புசாமி இருக்கார். பன்னண்டு பதினேழுக்கு, சாப்பாட்டு டப்பாவோட."

"இருந்தா? நான் அன்னிக்குக் கல்பாத்தியில, ஆத்துல. அம்மாவைக் கேளுங்கோ. எழுதிக் கொடுத்திருக்கா."

"மாதுரி எழுதிக் கொடுத்தது நேக்குத் தெரியும். நீ கேட்டா அவ என்ன வேணா எழுதிக் கொடுப்பா." பாகீரதி ஜோஸ் பக்கம் திரும்பினாள். "இந்தக் குடோனைக் கட்டினது அப்புசாமி. சேம்பரை நின்னு மாட்டினதும் அவர். அந்தக் கம்பியைப் பத்தி நேக்குத் தோணினது அவருக்குத் தோணாம இருந்திருக்குமா? ஜோஸ், அன்னிக்கு மத்தியானம் உன் போனுக்கு மெசேஜ் ஏதாவது வந்ததா?"

ஜோஸ் விழித்தான்.

"வந்நு. சென்சார் கேடு ஆயிப்போச்சுன்னு சாரே சொல்லிச்சே."

"எப்போ சொன்னான்?"

"அப்பத்தான். மெசேஜ் கண்டதும் நான் சாரை போன்ல விளிச்சேன். நான் சேம்பர்கிட்டத்தான் நிக்குதேன், சென்சார் கேடு, நான் சரியாக்கறேன், நீ வரண்டாம், சாப்பிடுன்னு சொல்லிச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி சுதீப்பைப் பார்த்தான்.

"சார் அன்னு இவிடத்தான் இருந்நு," என்றான். "போலீஸ் என்கிட்ட சாவியைப் பத்தி மட்டுந்தான் கேட்டது."

சுதீப் கார் கதவில் சாய்ந்து, அப்படியே சரிந்து, ஜல்லியில் உட்கார்ந்தான். நான் பயமுறுத்தத்தான் பூட்டினேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கல் பொட்டலத்தைக் கையோடு பிடிச்சுட்டார், ஊர் பூரா சொல்லுவேன்னார், அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம்னுதான் இருந்தேன். குமிழை எப்போ கழற்றினாய் என்று பாகீரதி கேட்டாள். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

"ஜோஸ், போனைக் காட்டு."

அருள்குமார்தான் அதை வாங்கித் தேடினான். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. இரண்டு மெசேஜ்கள், ஒன்றின் கீழ் ஒன்று. முதலாவது, சேம்பரில் வெப்பம் கூடிவிட்டது, பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. இரண்டாவது, வெப்பம் பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஒன்று முப்பத்துநாலு.

அருள்குமார் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நாப்பத்திரண்டு நிமிஷமுங்க," என்றான். "ஒத்தைக் கையில புடிச்சுட்டு நின்னிருக்காருங்க."

ஜோஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்குவதை யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஜீப் வந்து, சுதீப்பை ஏற்றிக்கொண்டு போக இரண்டரை மணியானது. இன்ஸ்பெக்டர் கேமராவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முயன்றார். முகம் தெளிவா இல்லையே என்றார். தெளிவான படம் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு என்றாள் பாகீரதி.

உடைந்த கண்ணாடி வழியாக வெயில் அடிக்க, கொல்லங்கோடு சாலையில் போகும்போது அவள் தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டாள். மருந்துக்கடைச் சத்தம் கேட்டது. பிறகு அவள் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"உங்கப்பா சொன்னது அத்தனையும் நிஜம். படம் கிடைச்சுடுத்து. ஆளும் கிடைச்சுட்டான்."

"அப்பாவை எப்பங்க விடுவாங்க?"

"ரெண்டு மூணு நாள் ஆகும். கோர்ட்டுல எழுத்து வேலை இருக்கு. நான் கூட இருக்கேன்."

"சரிங்க மாமி." தயங்கினாள். "அந்தப் படத்துல ஐயா இருக்காருங்களா? எப்படி இருக்காருங்க? சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஸ்கூல் பீஸ் கட்டுனவருங்க அவரு."

அருள்குமார் வண்டியை ஓட்டியபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"சாப்பிட உக்காந்திருக்கார்," என்றாள் பாகீரதி. "மடியில டப்பா இருக்கு. நீ போய்ட்டு வான்னு உங்கப்பாவுக்குக் கை காட்டறார்."

அந்த நாற்பத்திரண்டு நிமிஷத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போது எப்படியும் அந்தப் பெண் அதைக் கேள்விப்படத்தான் போகிறாள்.